ஈசல் தின்னலாமா? சோதித்துச் சொல்லுங்கள்!

மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. காற்று நின்று விட்டது. புழுக்கம் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் புற்றிலிருந்து ஈசல் புறப்படுகிறது. ஒன்றா, இரண்டா? ஆயிரம், பதினாயிரம்! தெரு விளக்கைச் சுற்றி மொய்க்கிறது. சோற்றுத் தட்டில் விழுகிறது. சற்று நேரத்தில் இறக்கை உதிர்ந்து தரையில் ஊர்கிறது.

சிலர் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். சிலர் குடத்தை எடுத்துக் கொண்டு புற்றை நோக்கி ஓடுகிறார்கள்!

ஆம். ஈசல் ஓர் உணவு. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் இன்றும் அது உணவுதான். கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பு வட்டாரமும் இதற்கு விலக்கு அல்ல. புற்றுக்குப் பக்கத்தில் குழி தோண்டி, குழிக்குள் விளக்கு வைப்பார்கள். வெளிச்சத்தைத் தேடி வரும் ஈசல் குழியில் விழும். அதை அள்ளி வந்து, வறுத்து, முறத்தில் போட்டுப் புடைத்தால் இறக்கை பறந்து விடும். பொரியரிசியும் உடைத்த கடலையும் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள்.

"சீ! பூச்சியையா தின்பது?" என்று முகம் சுளிக்கும் நகரவாசி, இறாலை மட்டும் ஆசையாகச் சாப்பிடுகிறார். கால், மீசை, ஓடு எல்லாம் இறாலுக்கும் உண்டு. பூச்சிக்கு அது தூரத்து உறவும் கூட. இந்த உறவால் ஓர் ஆபத்து இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

ஈசல் தின்பது கேவலம் அல்ல. இல்லாதவர்கள் மட்டும் தின்ற பண்டமும் அல்ல. பாரி வள்ளலின் பறம்பு மலையைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டிலேயே செம்மண் புற்று ஈசலை மோரில் புளிக்கச் சமைத்த உணவு வருகிறது. ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழக்கம்!

அப்படியானால் கவலை என்ன?

பழக்கம் பழையது. மண் பழைய மண் அல்ல!

உலகம் பூச்சியைத் தேடுகிறது

சில ஆண்டுகளாக உலகம் முழுவதும் பூச்சி உணவைப் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-ம் ஆண்டு ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. உலகில் சுமார் 200 கோடி மக்களின் உணவில் பூச்சி இடம் பெற்றிருக்கிறது என்றும், தின்னப்படும் பூச்சி வகைகள் 1,900-க்கு மேல் என்றும் அதில் கூறியிருந்தது.

காரணம் புரதச் சத்து. உடம்பில் சதை வளரவும், காயம் ஆறவும், குழந்தை உயரவும் வேண்டிய சத்து அது. மாட்டின் எடை 1 கிலோ கூட 8 கிலோ தீவனம் வேண்டும். பூச்சிக்குச் சராசரியாக 2 கிலோ போதும் என்பது அந்த அறிக்கையின் கணக்கு. மேய்ச்சல் நிலமும் வேண்டாம்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? கொட்டகை போட்டுப் புழு வளர்க்கின்றன. மாவாக அரைத்து ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் கலக்கின்றன.

நம் நாட்டில் ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் செவ்வெறும்புச் சட்னிக்கு 2024-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அசாமில் எரி பட்டுப்புழுவின் கூட்டுப்புழு விருந்துப் பண்டம். நாளைக்கே யாராவது "ஈசல் பொடி, பாக்கெட் இவ்வளவு" என்று கடை விரித்தாலும் ஆச்சரியப்படுவதற்கு இல்லை. அதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

ஐரோப்பாவில் என்ன செய்தார்கள்?

மாவுப்புழு என்று ஒன்று இருக்கிறது. வண்டினத்தின் புழு. பிரான்ஸ் நாட்டுக் கம்பெனி ஒன்று அதை உலர்த்தி விற்க 2018-ம் ஆண்டு அனுமதி கேட்டது.

உடனே கொடுத்து விடவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிபுணர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். புழுவுக்கு என்ன தீனி போடுகிறாய்? கொல்லும் முன் பட்டினி போடுகிறாயா? எந்தச் சூட்டில் உலர்த்துகிறாய்? ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு? பூஞ்சை நஞ்சு இருக்கிறதா? நோய்க்கிருமி இருக்கிறதா?

பட்டினி எதற்கு என்று கேட்கலாம். பூச்சியைக் குடலோடு சேர்த்துத்தான் தின்கிறோம். கோழிக்குக் குடலை எடுத்து எறிகிறோம், மீனுக்கும் அப்படியே. புழுவுக்கு யார் குடல் எடுப்பது? ஆகவே குறைந்தது 24 மணி நேரம் பட்டினி போட்டு வயிற்றைக் காலி செய்ய வைக்கிறார்கள்.

2021-ம் ஆண்டு ஜனவரியில் நிபுணர்கள் கருத்துச் சொன்னார்கள்: கூறியுள்ள முறைப்படி தயாரித்து, கூறியுள்ள அளவில் சாப்பிட்டால் ஆபத்து இல்லை. அந்த ஆண்டு ஜூனில் அனுமதி கிடைத்தது. பின்னர் வெட்டுக்கிளிக்கும் வீட்டுச் சிள்வண்டுக்கும் தனித்தனியாகச் சோதனை நடந்து, தனித்தனியாக அனுமதி கிடைத்தது. "பூச்சி நல்லது" என்று மொத்தமாக ஒரே வரியில் எழுதிக் கொடுக்கவில்லை!

இன்னொரு வேடிக்கையையும் அந்த நிபுணர்கள் சுட்டிக் காட்டினார்கள். உணவில் எவ்வளவு புரதம் என்று ஆய்வுக்கூடத்தில் நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவது வழக்கம். பூச்சியின் ஓட்டிலும் நைட்ரஜன் உண்டு; ஆனால் அது எல்லாம் புரதத்தில் உள்ளது அல்ல. ஆகவே பாக்கெட்டில் அச்சடிக்கும் புரதக் கணக்கு உண்மையைவிடக் கூடுதலாக இருக்கலாம்! 2008-ம் ஆண்டு சீனாவில் பாலில் மெலமின் கலந்த அயோக்கியர்கள் இந்தக் கணக்கின் ஓட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். மெலமினில் நைட்ரஜன் அதிகம். சோதனையில் பால் சத்துள்ளதாகத் தெரிந்தது. குழந்தைகளின் சிறுநீரகம் கெட்டது.

சிங்கப்பூர் நம்மவர்கள் நிறைய வாழும் ஊர். அங்கே 2024-ம் ஆண்டு ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை உணவாக அனுமதித்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: கட்டுப்பாடான பண்ணையில் வளர்த்தவையாக இருக்க வேண்டும். காட்டிலும் மேட்டிலும் பிடித்து வந்தது கூடாது!

இங்கேதான் நம் ஈசல் மாட்டிக் கொள்கிறது. ஈசலைப் பண்ணையில் வளர்ப்பார் இல்லை. அது என்ன தின்றது என்பதற்குக் கணக்கும் இல்லை. ஐரோப்பா மாவுப்புழுவுக்குக் கொடுத்த சான்றிதழைக் காட்டி ஈசலை விற்க முடியாது; விற்கவும் கூடாது.

கரும்புக் கொல்லையில் என்ன நடக்கிறது?

ஈசல் வேறு, கறையான் வேறு அல்ல. கறையான் குடும்பத்தில் இறக்கை முளைத்து வெளியேறும் ஆணும் பெண்ணும்தான் ஈசல். வெளியே வரும் வரை அவற்றுக்கு உணவு கொடுப்பது வேலைக்காரக் கறையான்கள். ஆகவே கறையான் எதைத் தின்கிறதோ, அது ஈசலின் உடம்பில் சேர வழி இருக்கிறது.

சேத்தியாத்தோப்பை நினைத்துப் பாருங்கள். வெள்ளாற்று அணைக்கட்டு, வீராணம் ஏரி, நெல் வயல். எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால் கரும்பும் உண்டு.

கரும்புக்குப் பெரிய எதிரி யார்? கறையான்! நட்ட கரணையை மண்ணுக்குள்ளேயே அரித்து விடும். முளை வராது. அதற்காக விவசாயிகள் குளோர்பைரிபாஸ் போன்ற மருந்தை ஊற்றி வந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. கடன் வாங்கி நட்டவர் கரணையைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்.

உடனே கொல்லாத மருந்துகளும் உண்டு. பிப்ரோனில், இமிடாகுளோபிரிட் என்று பெயர். மருந்து பட்ட கறையான் அங்கேயே சாகக் கூடாது. கூட்டுக்குத் திரும்ப வேண்டும். வாய்க்கு வாய் ஊட்டும்போது மற்றக் கறையானுக்கும் மருந்து போய்ச் சேர வேண்டும். அதுதான் தந்திரம். புது வீடு கட்டும்போது அஸ்திவாரத்தில் அடிப்பதும் இந்த வகை மருந்துதான்.

இப்போது சொல்லுங்கள். வரப்போரத்துப் புற்றில் ஈசல் பிடிக்கிறவருக்கு, பக்கத்துக் கொல்லைக்காரர் போன மாதம் என்ன ஊற்றினார் என்று தெரியுமா? கபிலர் காலத்துச் செம்மண் புற்றுக்குப் பக்கத்தில் மருந்து டப்பா கிடந்ததா?

இன்னொரு பக்கம் நெய்வேலி. 1956-ம் ஆண்டு தொடங்கிய நிலக்கரி நிறுவனம் தமிழ்நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்தது. பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதை மறக்கக் கூடாது. ஆனால் எந்த நிலக்கரியை எரித்தாலும் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், பாதரசம் போன்றவை சிறிதளவு இருப்பது இயற்கை. அது ஈசலில் சேர்ந்து விட்டது என்று நாம் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். "சேரவே இல்லை" என்று சொல்லவும் அதே ஆய்வுக்கூடம்தான் வேண்டும்.

"நன்றாக வறுத்து விட்டால் போச்சு" என்பார்கள் சில தாய்மார்கள். வறுத்தால் பெரும்பாலான கிருமி சாகும். ஈயம் சாகாது, காட்மியமும் ஆர்செனிக்கும் அப்படியே இருக்கும்.

தின்று பார்த்தவர்கள் பட்ட பாடு

மெக்சிகோ நாட்டில் ஓஹாகா என்ற பகுதி. வெட்டுக்கிளியை உப்பும் எலுமிச்சையும் போட்டு வறுத்துத் தின்பது அங்கே காலம் காலமான வழக்கம். அந்தப் பகுதியிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குக் குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருப்பதை டாக்டர்கள் கண்டார்கள். எங்கிருந்து வந்தது? தேடினார்கள். ஊரிலிருந்து உறவினர்கள் பாசத்தோடு அனுப்பிய வறுத்த வெட்டுக்கிளியில் ஈயம் இருந்தது! 2007-ம் ஆண்டு இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாசத்துக்குக் குறைவில்லை. சோதனைதான் இல்லை.

ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டின் தென்மேற்குப் பகுதியில் மழைக் காலம் வந்தால் ஒரு விசித்திர வியாதி வரும். நன்றாக இருந்தவர் திடீரென்று தள்ளாடுவார், நடக்க முடியாது. அந்தப் பருவத்தில் அங்கே ஒரு வகைப் பட்டுப்புழுவின் கூட்டுப்புழுவைத் தின்பார்கள். அதில் உள்ள ஒரு பொருள் உடம்பில் இருக்கும் தயாமின் என்ற வைட்டமினை அழித்து விடுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். சூடு காட்டினாலும் அது எளிதில் போகாது. நன்றாகச் சாப்பிடுகிறவரை அது அவ்வளவாகப் பாதிக்காது. கிழங்கு மட்டுமே தின்று சத்துக் குறைந்திருக்கும் ஏழையைத்தான் சாய்க்கும். தாத்தாவும் அதைத்தான் தின்றார், தள்ளாடினார். யாரும் புழுவைச் சந்தேகப்படவில்லை!

ஈசல் பற்றியே ஒரு செய்தி உண்டு. கென்யாவில் கறையானைத் தின்றவர்கள் போட்டுலிசம் என்ற கொடிய நோயால் தாக்கப்பட்டார்கள். உயிர்ச் சேதமும் ஏற்பட்டது. 1980-ம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்த விவரம் வெளிவந்தது. அந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது. ஈரத்தோடு காற்றுப் புகாமல் கட்டி வைத்த இடம்தான் அதற்குச் சொர்க்கம். ஈர ஈசலைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிப் பரணில் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தாய்லாந்தில் வறுத்த பூச்சி தள்ளுவண்டியில் விற்கும். அதை வாங்கித் தின்றவர்களுக்கு உடம்பு சிவந்து, தலை வலித்து, வாந்தி எடுத்ததுண்டு. செத்த பூச்சி வெயிலில் கிடந்து கெட்டால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. பிறகு எவ்வளவு வறுத்தாலும் அது போகாது. கெட்ட மீனிலும் இதே தொல்லைதான்.

இறாலின் உறவு

முன்பே சொன்னோம் அல்லவா? பரங்கிப்பேட்டை இறால் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. சிலருக்கு இறால் ஒத்துக் கொள்ளாது. தின்றால் உதடு வீங்கும், தடிப்புத் தடிப்பாக வரும், சிலருக்கு மூச்சே அடைக்கும். அதற்குக் காரணமான புரதத்துக்கு மிக நெருங்கிய புரதம் பூச்சியின் உடம்பிலும் இருக்கிறது. இறால் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பூச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஐரோப்பாவில் பூச்சி கலந்த பாக்கெட்டில் இந்த எச்சரிக்கையை அச்சடித்தே தீர வேண்டும் என்பது சட்டம். வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணியால் தும்மலும் இழுப்பும் வருகிறவர்களுக்கும் அதே எச்சரிக்கை உண்டு.

நம் வீட்டுக் குழந்தைக்கு யார் பாக்கெட் ஒட்டுகிறார்கள்? பொரியரிசியோடு கலந்து ஒரு பிடி கையில் கொடுக்கிறோம். பக்கத்து வீட்டுக் குழந்தையும் வந்து நிற்கும். அதற்கும் ஒரு பிடி. அந்தக் குழந்தைக்கு இறால் ஆகாது என்பது அதன் தாய்க்குத்தான் தெரியும்.

ஈசல் தின்று உதடு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, வசம்பு உரைத்துக் கொடுத்துக் கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி! 108-ஐ அழையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பூச்சி வருகிறது. எப்படி வருகிறது தெரியுமா? புழு பூச்சி மண்டிய உணவு பாதுகாப்பற்றது என்று வருகிறது! அரிசியில் வண்டு இருந்தால் குற்றம். சரிதான். ஆனால் வண்டையே வறுத்து விற்றால்? வழக்கமான பட்டியலில் இல்லாத உணவை விற்பதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று 2017-ம் ஆண்டு விதிகள் வந்தன. அனுமதி கேட்கிறவர் பாதுகாப்புக்கான ஆதாரங்களைக் கொடுக்க வேண்டும்.

பெரிய கம்பெனியால் இது முடியும். லட்சம் லட்சமாகச் செலவழித்துச் சோதனை செய்து கொள்ளும். ஈசல் பிடிக்கும் இருளர் குடும்பம் எந்த ஆய்வுக்கூடத்து வாசலில் போய் நிற்கும்? அவர்கள் விற்பதற்காகப் பிடிக்கவில்லை, தின்பதற்காகப் பிடிக்கிறார்கள். கம்பெனிச் சரக்குக்கு மட்டும் சோதனை, ஏழையின் சட்டிக்குச் சோதனை இல்லை என்றால் அது என்ன நியாயம்?

"தடை போட்டு விடலாமே?" என்று சில படித்தவர்கள் சொல்வார்கள். எந்தப் புற்றுக்குப் பூட்டுப் போடுவது? அதுவும் நல்ல சத்துள்ள பொருளை, கெட்டது என்று நிரூபிக்காமலே! பள்ளிக்கூடத்தில் சத்துணவோடு முட்டை கொடுக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஈசல் இல்லாவிட்டால் குழந்தைகள் இளைத்துப் போவார்கள் என்று நாம் வாதாடவில்லை. ஈசல் வருவதே வருஷத்தில் சில நாள். ஆனால் அந்தச் சில நாளும் அது சோற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சோற்றுக்குப் பக்கத்தில் இருப்பதைச் சோதிப்பது அரசாங்கத்தின் கடமை.

என்ன செய்ய வேண்டும்?

இது மலையைப் புரட்டும் வேலை அல்ல. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதில் வேளாண்மைத் துறை இருக்கிறது. கடலூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தஞ்சாவூரில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. அங்கேயே மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கிறது. இவர்களைக் கூட்டி வைக்க வேண்டியது மாவட்ட நிர்வாகம்.

ஒரே இடத்து ஈசலைப் பார்த்து விட்டு முடிவு கட்டக் கூடாது. கரும்புக் கொல்லை ஓரத்தில் கொஞ்சம், மருந்து காணாத மேட்டு நிலத்தில் கொஞ்சம், சுரங்கத்துக்கும் சாம்பல் மேட்டுக்கும் அருகே உள்ள கிராமங்களில் கொஞ்சம் என்று எடுக்க வேண்டும். அந்தந்தப் புற்று மண்ணையும் கூடவே எடுக்க வேண்டும். பச்சை ஈசலையும் பார்க்க வேண்டும். வீட்டில் வறுத்த ஈசலையும் பார்க்க வேண்டும். ஒரு மழையோடு விடாமல் இரண்டு மூன்று பருவம் பார்க்க வேண்டும்.

பாகிஸ்தானில் 2020-ம் ஆண்டு வெட்டுக்கிளிப் படையெடுப்பு வந்தபோது ஒகாரா மாவட்டத்தில் அதைப் பிடித்துக் கோழித் தீவனமாக்கினார்கள். பிடிப்பதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம், பூச்சிமருந்து பட்டிருக்க வாய்ப்புக் குறைந்த ஒரு காடு. கோழிக்கே அவ்வளவு யோசனை!

சோதனை முடிவு வருவதற்குள் அடுத்த மழை வந்து விடும். அதுவரை தாய்மார்கள் செய்யக் கூடியது உண்டு. கரும்புக் கொல்லை, நெல் வயல், புது வீடு, சாலை ஓரம், சாம்பல் கொட்டும் இடம் ஆகியவற்றுக்கு அருகே ஈசல் பிடிக்க வேண்டாம். செத்துக் கிடப்பதைப் பொறுக்க வேண்டாம். பிடித்த அன்றே வறுத்து விடுங்கள். ஈரத்தோடு கட்டி வைக்க வேண்டாம். இறால், நண்டு ஒத்துக் கொள்ளாதவருக்குக் கொடுக்க வேண்டாம். முதல் தடவை தின்கிற குழந்தைக்கு ஒரு பிடி வேண்டாம். ஒன்றிரண்டு கொடுத்து, பக்கத்திலேயே இருந்து பாருங்கள். கைக்குழந்தைக்கு அதுவும் வேண்டாம்.

முடிவு வந்ததும் அதை இங்கிலீஷில் அச்சடித்து அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது. எந்த ஊர்ப் புற்று நல்லது, எந்த ஊர்ப் புற்று ஆகாது என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதி, சேத்தியாத்தோப்பு பஸ் நிலையத்திலும், சுற்றுப்பட்டுக் கிராமங்களின் ரேஷன் கடைப் பலகையிலும் ஒட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கிராமசபைக் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும்.